பெட்ரோல் பம்பும் மின்சாரக் கம்பிக்குழாயும்

சாலையோர நிலத்தில் பெட்ரோல் பம்பு அமைக்க இடமளிக்கும் விவசாயிகள், அதன் மின்சாரக் கம்பி அமைப்பையும் கவனித்தல் அவசியம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மும்மடங்கு கனமுடையது. ஆதலின் மேலெழாது தரையோடு பரவிப் பள்ளங்களில் தங்கும். காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கு கலந்தாலே சிறு பொறியும் அதனைப் பற்றவைக்கும். பூமியினுள் செல்லும் கம்பிக்குழாய் வழியே இவ்வாவி ஸ்விட்சு அறையை அடையுமாயின் பெரும் விபத்து நேரும். இதனைத் தடுக்கவே, பம்பினுள் புகும் ஒவ்வொரு குழாயிலும் தக்க அடைப்பு அமைக்கவேண்டுமென்று அமெரிக்க தேசிய மின்சார விதித்தொகுப்பின் 514-ஆவது பிரிவு விதிக்கிறது. கம்பிகளைச் சுற்றி அதற்கென உள்ள குழம்பை ஊற்றி இறுகவிடுவதே முறை. களிமண்ணோ கந்தையோ திணித்தல் போதாது. பழுது பார்க்குமுன் நியூட்ரல் உட்பட எல்லாக் கம்பிகளையும் துண்டிக்கும் ஸ்விட்சும் இருத்தல் வேண்டும். பம்பு இயங்கத் தொடங்குமுன் இவ்விரண்டும் உளவா என்று நிலச்சொந்தக்காரரும் கிராம அதிகாரிகளும் விசாரித்தறிதல் நலம்.