கூட்டு மீன்தொட்டியில் ஒத்து வாழும் நன்னீர் மீன்கள்

பல வகை மீன்களை ஒன்றாக வளர்க்கும் தொட்டி கூட்டு மீன்தொட்டி எனப்படும். வண்ணமீன் கடைகளில் பெரும்பாலும் இளம் மீன்களே விற்கப்படுகின்றன. அந்த வயதில் எல்லா மீன்களும் சாதுவாகவே தெரியும். ஆகவே நிறத்தை மட்டும் பார்க்காமல், முழு வளர்ச்சியில் மீனின் நீளம், அதற்கேற்ற நீர், அதன் குணம் ஆகியவற்றைக் கேட்டறிந்த பின்னரே வாங்க வேண்டும்.

ஒரே இடத்தைச் சேர்ந்த மீன்கள் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. நியான் டெட்ரா, ஏஞ்சல் இரண்டுமே அமேசான் ஆற்றுப் படுகையைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் ஏறத்தாழ 25 பாகை செல்சியசு வெப்பமுள்ள மென்னீர் ஏற்றது. ஆனால் நியான் 4 செ.மீ. அளவுக்கே வளரும், ஏஞ்சலோ 15 செ.மீ. வரை வளரக்கூடியது. வளர்ந்த ஏஞ்சல் நியானை விழுங்கிவிடும். சண்டை எதுவும் கண்ணில் படாது. நியான்களின் எண்ணிக்கை மட்டும் குறைந்துகொண்டே வரும். வாய்க்குள் அடங்கும் மீன் இரைதான்.

ஏஞ்சலுக்கும் தொல்லை தரும் மீன் உண்டு. டைகர் பார்ப் அதன் நீண்ட துடுப்புகளைக் கடித்துக் கிழிக்கும். எட்டுக்கு மேற்பட்ட கூட்டமாக வளர்த்தால் டைகர் பார்ப்கள் தமக்குள்ளேயே துரத்தி விளையாடும். அப்போதும் ஏஞ்சல், ஆண் பைட்டர் போன்றவற்றை உடன் விடக்கூடாது. ஆண் பைட்டர்கள் இரண்டு ஒரே தொட்டியில் இருந்தால் கடுமையாகச் சண்டையிடும்.

தங்கமீன் குளிர்ந்த நீரை விரும்புவது. வெப்பமண்டல மீன்களுடன் சேர்ப்பது இரு தரப்புக்கும் நல்லதன்று. கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை கடின நீரில் நன்கு வாழும். உப்புப் படியும் ஆழ்துளைக் கிணற்று நீரே கிடைக்கும் வீடுகளில் நியானைவிட இவையே பொருத்தம்.

தொடக்கநிலையினர் 24 பாகை நீரில் மேல்மட்டத்துக்கு வரிக்குதிரை டானியோ, நடுவில் பிளாட்டி, அடித்தளத்தில் வெண்கல நிறக் கோரிடோரசு என வளர்க்கலாம். டானியோவையும் கோரிடோரசையும் ஆறுக்குக் குறையாமல் விட வேண்டும். தனித்து விடப்பட்டால் மிரண்டு ஒதுங்கும். பிளாட்டியில் ஓர் ஆணுக்கு இரண்டு பெண் மீன்கள் இருப்பது நல்லது.

தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீன் 30 செ.மீ.க்கு மேலும் வளரும். அதன் கழிவும் மிகுதி. இடம் போதாமல் ஏரியில் கொண்டுபோய் விடுவோர் பலர். இவ்வாறு பரவிய சக்கர் மீன்கள் தமிழக நீர்நிலைகளில் பெருகி, உள்ளூர் மீன்களின் உணவுக்கும் வாழிடத்துக்கும் போட்டியாகி, மீனவர் வலைகளையும் கிழிக்கின்றன. வளர்க்க இயலாத மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும்.