வீதியை அகட்டுமுன்

ஊர்ப் பெருவீதியைத் திருத்தப் புகுவோர் முதற்கண் துணியவேண்டுவது வடிவமைப்பு வேகம். வளைவின் ஆரையும், ஓரச் சாய்வும், சாரதி முன்னே காணவேண்டிய தூரமும் அதன் வழியே கணிக்கப்படும். பிறேக்கை அழுத்தியபின் வண்டி ஓடி நிற்குந் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வது. மணிக்கு 50 கிலோமீற்றரில் வருவதற்கு வேண்டுவதைவிட, 70 இல் வருவதற்கு ஏறக்குறைய இருமடங்கு வேண்டும். மாணவர் கணக்கிட்டுப் பார்ப்பாராக.

இலங்கையில் வீதிகளை ஏ, பீ என வகுத்துள்ளனர். அவ்வெழுத்தை மட்டும் நோக்கித் தரத்தை முடிவுசெய்தல் தகாது. ஏ9 வீதி ஆனையிறவு வெளியில் தடையின்றி ஓடுகின்றது; அதே வீதி சாவகச்சேரியிற் கடைத்தெருவாகின்றது. முன்னதற்கு இசைந்த வேகம் பின்னதற்கு எங்ஙனம் இசையும்?

குடாநாட்டில் துவிச்சக்கரவண்டியிற் பள்ளி செல்லும் பிள்ளைகள் பலர். தார்ப்பரப்பை மட்டும் அகட்டி இருமருங்கும் ஓரத்தை ஒடுக்கினால், மோட்டார் வண்டிகள் விரையும். பிள்ளைகளுக்கு ஒதுங்க இடமிராது. நிலம் போதாதவிடத்து வடிவமைப்பு வேகத்தைக் குறைத்து ஓரத்தைக் காப்பதே முறை என்பது எமது துணிபு. (வேலிக்காரரின் வழக்கும் அதனாற் குறையும்!) 80 க்கு அமைத்த வீதியில் 40 என்று பலகை நாட்டுவதாற் பயன் சிறிதே. ஊர் தொடங்குமிடத்திலேயே ஓடுபாதையை ஒடுக்கி, நடைபாதையை உயர்த்தி, மாற்றத்தைச் சாரதியின் கண்ணுக்குப் புலனாக்குதல் வேண்டும்.