கண்ணாடியும் ஒளியிழையும்: பொருட்பெயரா, பயன்பெயரா?

ஒரு கருவியின் மூலப்பொருள் மாறுங்கால் அதன் பெயர் நிலைக்குமோ, வழக்கிறந்துபோமோ என்பது சொல்லாக்கத்தார் ஆராயத்தக்க வினாவாகும். ஒளிக்கருவிகளில் கண்ணாடிக்கு மாற்றாகப் பயிர்ப்பொருள்கள் ஆராயப்படும் இந்நாளில் அவ்வினா வலுப்பெறுகின்றது.

ஒளியியலுக்குப் பயிர்ப்பொருள் புதிதன்று. கனடா பால்சம் என்னும் மரப்பிசின், தன் ஒளிவிலகல் எண் கண்ணாடியினதை ஒட்டியிருத்தலின், வில்லைகளை இணைக்க நெடுங்காலம் பயன்பட்டது. 1828-இல் வில்லியம் நிக்கல் தம் பட்டகத்தின் இரு பகுதிகளையும் அப்பிசினாலேயே ஒட்டினார். எனினும் ஆண்டுப் பிசின் துணைப்பொருளே. 2020-இல் பிரேசில் நாட்டுக் கம்பீனாசுப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில் பயிர்ப்பொருளே ஒளி செல்லும் வழியாயிற்று. கடற்பாசியின் அகரிலிருந்து பெறும் அகரோசினால் அவர்கள் இழை ஒன்று வார்த்தனர். நடுவே திண்ணிய உள்ளகம். அதனைச் சூழக் காற்றுத்துளைகள். துளைகள் சுற்றுப்புறத்தின் ஒளிவிலகல் எண்ணைக் குறைத்தலின், ஒளி உள்ளகத்தின் வழியே செல்கின்றது. இவ்விழை உண்ணத்தக்கது, மட்கக்கூடியது. ஈரம் மாறின் அதனூடு செல்லும் ஒளியும் மாறுதலின் உணர்கருவிக்கு ஏற்றது. ஆயின் ஒளியிழப்பு மிகுதியாதலின் நெடுந்தொலைவு வடங்களுக்கு உதவாது.

இதனை எப்பெயரால் வழங்குவது? கண்ணாடி என்னும் சொல் பொருளைக் காட்டிலும் பயனையே முதன்மையாகச் சுட்டும். கேரளத்து ஆறன்முளைக் கண்ணாடி செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால் ஆயது. நெகிழி வில்லை பொருத்தியதும் மூக்குக்கண்ணாடியே. ஆனால், 'கண்ணாடி இழை' எனுங்கால் அச்சொல் பொருட்பெயராகிவிடுகின்றது. மீஞ்சூருக்குக் கிழக்கே காட்டுப்பள்ளி முதல் வடக்கே பழவேற்காடு வரை மீனவர் 'பைபர் படகு' என வழங்குவது கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து ஆக்கியதாகும். அவ்விழைக்கு ஒளி செலுத்தும் தொழில் இல்லை. ஒரே பெயரை ஈரிடத்தும் ஆளின் மயக்கம் விளையும். அகரோசு இழைக்கோ அது முற்றும் பொருந்தாது. 'ஒளியிழை' என்பதோ தொழில்பற்றிய பெயராதலின் இருவகைக்கும் பொருந்தும்.

நம் கடற்கரை மக்களும் இந்நெறி அறிந்தவரே. மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் அகர் தரும் பாசியொன்றினை, கஞ்சி காய்ச்சப் பயன்படுதல்பற்றிக் 'கஞ்சிப்பாசி' என்றனர். எனவே, மூலப்பொருள் மாறத்தக்க கருவிகளுக்குத் தொழிலடியாகப் பெயர் அமைத்தலும், 'கண்ணாடி இழை' என்பதைப் படகு முதலியவற்றின் பொருளுக்கே வரையறுத்தலும் தக்கன. அங்ஙனம் அமையும் பெயர், பொருள் மாறினும் பிழையாகாது.