மூடிய ஆலைகளும் ஓடும் வண்டிகளும்

ரப்பர் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் செழித்திருந்த நாளில், பத்து காஜா வட்டாரத்துச் செம்மண் பாதைகளில் ஆங்கில நாட்டு மோட்டார் சைக்கிள்களின் ஒலி பழக்கமான ஒன்று. பி.எஸ்.ஏ., நார்ட்டன், டிரையம்ப், மேட்ச்லெஸ், ராயல் என்பீல்டு என்னும் பெயர்களைத் தோட்டத்துச் சிறுவரும் அறிவர். அவ்வண்டிகளுள் சில இன்றும் வீட்டுக் கொட்டகைகளில் துணி போர்த்தியபடி நிற்கின்றன. இரும்பு கெடவில்லை, சக்கரம் சுழல்கிறது, ஆனால் ஒரு பிஸ்டன் இல்லை, அல்லது ஒரு வால்வு இல்லை. அந்த ஒரு குறைக்காகவே வண்டி முழுவதும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுவதுண்டு. செய்த ஆலை மூடப்பட்டபின் உதிரி உறுப்பை எங்கே தேடுவது? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆலைகள் அழிந்த வரலாறு

இரண்டாம் உலகப் போரின்போது பர்மிங்காம் நகரத்துப் பி.எஸ்.ஏ. ஆலை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களைப் படைகளுக்குச் செய்து கொடுத்தது. அவற்றுள் பெரும்பகுதி 496 சி.சி. கொண்ட எம்20 என்னும் வகை. இத்தனை வலிமை வாய்ந்திருந்த தொழில், ஜப்பானியப் போட்டியாலும் தன் பழைய இயந்திரங்களைப் புதுப்பிக்காத குறையாலும் ஒரே தலைமுறைக்குள் சாய்ந்தது. மேட்ச்லெஸ் வண்டிகளைச் செய்த நிறுவனம் 1966இல் வீழ்ந்தது. ராயல் என்பீல்டின் ஆங்கில உற்பத்தி 1970இல் முடிந்தது. பி.எஸ்.ஏ. 1973இல் வேறொரு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. டிரையம்பின் மெரிடன் ஆலை 1983இல் கதவடைத்தது. இப்பெயர்களுள் சில பின்னர் மீண்டும் சந்தைக்கு வந்தன. எனினும் அவை புது வண்டிகள். பெயர் ஒன்றாயிருப்பதால் உறுப்பும் பொருந்தும் என்று எண்ணலாகாது.

உறுப்பு என்பது யாது?

இயந்திர உறுப்பு என்பது அளவு, உலோகம், பதம் என்னும் மூன்றின் சேர்க்கை. பெட்டியின்மேல் அச்சிட்ட பெயர் அதன் உயிரன்று. இம்மூன்றும் ஒத்திருந்தால் அவ்வுறுப்பு எங்கு செய்யப்பட்டதாயினும் பணி செய்யும். ஒன்று பிசகினாலும் அசல் பெயர் தாங்கிய உறுப்புகூடப் பயன்படாது. ஆகவே தேடுவோர் முதலில் தம் வண்டியின் அளவைத் தேட வேண்டும்.

இதற்கு முதற்படி எண்களைப் படித்தல். எஞ்சினிலும் சட்டத்திலும் குத்தியுள்ள எண்கள் வண்டியின் வகையையும் ஆண்டையும் காட்டுவன. பல ஆண்டுகளில் எஞ்சின் மாற்றப்பட்டிருக்கக்கூடும் என்பதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நலம். இங்கிலாந்தில் 1946இல் தோன்றிய பழைய மோட்டார் சைக்கிள் கழகம் பல ஆலைகளின் பதிவேடுகளைத் தன் நூலகத்தில் காத்து வருகிறது. ஆலை அழிந்தும் ஏடு அழியவில்லை.

மரையின் மயக்கம்

பழைய ஆங்கில வண்டிகளைக் கெடுப்பவற்றுள் முதன்மையானது தவறான போல்ட்டு. 5/16 அங்குலத் தடிப்புள்ள போல்ட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1841இல் விட்வொர்த் வகுத்த முறையில் அதற்கு அங்குலத்துக்கு 18 மரைச் சுற்றுகள். ஆங்கில நுண்மரையில் 22. மோட்டார் சைக்கிள்களில் மிகுதியாக வழங்கிய சைக்கிள் மரையில் 26. 1960களின் இறுதியில் ஆங்கில ஆலைகள் தழுவிய யூனிபைடு நுண்மரையில் 24. முன்னிரண்டில் மரையின் கோணம் 55 பாகை. பின்னிரண்டில் 60 பாகை.

இன்று கடைகளில் எளிதாகக் கிடைப்பது 8 மில்லிமீட்டர் போல்ட்டு. 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர், பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும். முதல் ஓரிரு சுற்று உள்ளே போகும், பிறகு இறுகும். ஸ்பேனரால் வலிந்து திருகினால், அலுமினியக் கிராங்க் கேஸின் மரை அறுந்துவிடும். அதுவோ கிடைத்தற்கரிய உறுப்பு. சில காசு பெறும் போல்ட்டால் எஞ்சின் பாழாகிறது. மரை அளக்கும் கேஜ் ஒன்றைக் கையில் வைத்திருப்போருக்கு இவ்விழப்பு நேராது.

அருகிலேயே கிடைப்பவை

எல்லா உறுப்பும் அரியன அல்ல. பால் பேரிங்குகளின் வளையத்தில் எண் பொறித்திருக்கும். 6205 என்றிருந்தால் உள் விட்டம் 25, வெளி விட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். ஈப்போவில் பேரிங் விற்கும் கடைகளில் கேட்டுப் பெறக்கூடிய அளவு அது. எல்.ஜே.1 என்றிருந்தால் அது அங்குல வகை: உள் விட்டம் 1 அங்குலம், வெளி விட்டம் 2¼ அங்குலம். இதனை வண்டியின் பெயரைச் சொல்லித் தேடினால் கிடைப்பது அரிது. எண்ணைச் சொல்லித் தேடினால் அகப்படும். ஆமல் கார்புரேட்டர்களும் அவற்றின் உறுப்புகளும் இங்கிலாந்தில் இன்றும் செய்யப்படுகின்றன.

சென்னை செய்த உதவி

இத்துறையில் தமிழ்நாட்டுக்குத் தனியிடம் உண்டு. இந்தியப் படைக்கும் காவல் துறைக்கும் வண்டிகள் தேவைப்பட்டபோது, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டும் கூடி என்பீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் சீமையிலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டினர். 1957இல் அவற்றைச் செய்யும் கருவிகளும் வந்தன. 1962க்குள் எல்லா உறுப்புகளும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. தாய் ஆலை மறைந்தபின்னும் திருவொற்றியூரில் புல்லட் பிறந்துகொண்டே இருந்தது. 1977இல் அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகியது!

350 சி.சி. புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70, பிஸ்டன் ஓட்டம் 90 மில்லிமீட்டர். இவ்வளவு அரை நூற்றாண்டுக் காலம் மாறாதிருந்தது. ஆகவே இங்கிலாந்தின் ரெட்டிச்சில் செய்த புல்லட்டை வைத்திருப்போர் முதலில் நாட வேண்டிய சந்தை சென்னையே. ஆயினும் ஓர் எச்சரிக்கை: காலப்போக்கில் மின்சாதனமும் கியர் பெட்டியும் மாற்றம் பெற்றன. பழைய உறுப்பின் அளவை எழுதி அனுப்பி, ஒப்பிட்டபின் வாங்குவதே அறிவுடைமை.

செய்துகொள்ளும் வழி

பேராக்கிற்கு நேர் எதிரே, மலாக்கா நீரிணையின் அக்கரையில், வட சுமத்திராவின் பெமாத்தாங் சியாந்தார் நகரம் உள்ளது. அங்கே போர்க்காலத்துப் பி.எஸ்.ஏ. வண்டிகளைப் பக்கவண்டி பூட்டி வாடகைக்கு ஓட்டி வந்தனர். ஆலை மூடப்பட்ட பின்னும் அவை பல்லாண்டு ஓடியதற்குக் காரணம், உள்ளூர்ப் பட்டறைகளிலேயே உறுப்புகளைக் கடைந்துகொண்டதுதான்.

இத்திறம் நமக்கும் புதிதன்று. பத்து காஜாவை அடுத்து நிற்கும் டி.டி.5 என்னும் ஈயம் வாரும் கப்பல் 1938 முதல் 1982 வரை உழைத்தது. தேய்ந்த ஒவ்வோர் உறுப்புக்கும் சீமையை எதிர்பார்த்திருந்தால் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத் தொழில் நடந்திராது. வார்ப்படமும் லேத்தும் கைத்திறனும் இங்கேயே வளர்ந்தன.

தேய்ந்த சிலிண்டரை 0.020 அல்லது 0.040 அங்குலம் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டனை இடலாம். அதற்கு மேலும் தேய்ந்திருந்தால் உள்ளே புது ஸ்லீவ் இறக்கி முதல் அளவுக்கே கொண்டுவரலாம். வேறு வண்டியின் பிஸ்டனைக் கொள்ள விரும்பினால் நான்கை ஒப்பிட வேண்டும்: விட்டம், பிஸ்டன் பின்னின் தடிப்பு, பின்னின் நடுவிலிருந்து தலைவரை உள்ள உயரம், எடை. உயரம் மிகுந்தால் வால்வில் இடிக்கும். எடை மாறினால் அதிர்வு கூடும்.

கேம், பற்சக்கரம் ஆகியவற்றுக்குப் பதமே உயிர். சாதாரண இரும்பில் அழகாகக் கடைந்து கொடுத்தால் அளவு சரியாகவே இருக்கும். ஆயினும் மேற்பரப்பைக் கடினப்படுத்தாவிடில் விரைவில் தேய்ந்து, அதன் இரும்புத்தூள் எண்ணெயோடு கலந்து நல்ல உறுப்புகளையும் அரித்துவிடும். இவ்வகை உறுப்புக்கு மலிவு பார்ப்பது முழு எஞ்சினையும் பணயம் வைப்பதாகும்.

தேய்ந்த உறுப்பை எறிந்துவிடுவது நம்மிடையே வழக்கம். அது குப்பையன்று; அளவு கூறும் சான்று. தேயாத பகுதிகளை மைக்ரோமீட்டரால் அளந்து, படம் வரைந்து, எழுதி வைத்தால் ஒரு பட்டறைக்காரரின் நினைவிலுள்ள அறிவு அடுத்தவருக்கும் எட்டும். லேத் பிடித்த முதிய கைகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது, வண்டியைக் காப்பதினும் முந்திய கடமையாகும்.