ஜகார்த்தாவின் வாடகை மோட்டார்ச் சைக்கிள்

ஒரு நகரத்தின் போக்குவரத்தை அறிய விரும்புவோர் அதன் அகன்ற வீதிகளை மாத்திரம் பார்த்தாற் போதாது. ஒழுங்கைகளையும் பார்த்தல் வேண்டும். இந்தோனேசியாவின் பெருநகரமாகிய ஜகார்த்தாவிலே மிகப் பலர் வாழ்வது கம்போங் எனப்படும் நெருக்கமான குடியிருப்புக்களிலாகும். அங்குள்ள ஒழுங்கைகள் பலவற்றில் மோட்டார்க் கார் நுழையமாட்டாது. பஸ் வண்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பெருவீதிகளிலோ வாகன நெரிசல் தீராத நோயாகிவிட்டது. இவ்விரு இடங்களிலும் தடையின்றிச் செல்லவல்லது மோட்டார்ச் சைக்கிள் ஒன்றே. தவணைப் பணம் கட்டி அதனை வாங்குவதும் எளிதாகவே, அந்நகரம் மோட்டார்ச் சைக்கிள் நகரமாயிற்று.

வண்டி வைத்திருப்பவர் ஒருவர் மற்றொருவரைப் பின்னால் ஏற்றிச் சென்று கூலி பெறும் வழக்கம் அங்கே பழையது. இதனை ‘ஓஜெக்’ என்பர். முன்னர் துவிச்சக்கர வண்டியிலும் இத்தொழில் நடைபெற்றதுண்டு. ஓஜெக் சாரதிகள் தெருமுனையிலே, ‘பங்காலான்’ எனப்படும் தரிப்பிடத்திற் கூடியிருப்பர். ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் அதற்கேயுரிய சாரதிகளும் எழுதாச் சட்டங்களும் உண்டு. வரிசை முறைப்படியே சவாரி கிடைக்கும். பிரயாணியோ வந்து, பேரம் பேசி ஏற வேண்டும். ஊருக்குப் புதியவர் இரட்டிப்புக் கூலி கொடுக்க நேரும். முன்பின் அறியாத ஒருவரின் பின்னால் இரவிலே ஏறிச் செல்லப் பெண்கள் தயங்குவர். வண்டி இருந்தது, சாரதி இருந்தார், பிரயாணியும் இருந்தார். இல்லாதிருந்தது நம்பிக்கை ஒன்றே.

இக்குறையை நிரப்ப முற்பட்டதே கோஜெக் என்னும் நிறுவனம். 2010ஆம் ஆண்டிலே ஏறத்தாழ 20 சாரதிகளுடன், தொலைபேசியில் அழைத்தால் ஆளனுப்பும் சிறு நிலையமாக அது தொடங்கிற்று. 2015 ஜனவரியிற் கைத்தொலைபேசிச் செயலியை வெளியிட்டதும் அதன் வளர்ச்சி பன்மடங்காயிற்று. மலேசியாவிலே தோன்றிய கிராப் நிறுவனமும், அமெரிக்க நிறுவனமாகிய ஊபரும் போட்டிக்கு வந்தன. 2018 மார்ச்சில் ஊபர் தன் தென்கிழக்காசிய வணிகத்தைக் கிராப்பிடம் விற்றுவிட்டு விலகியது.

செயலி செய்யும் காரியம் யாது? பிரயாணி தாம் நிற்குமிடத்தையும் செல்லுமிடத்தையும் குறிப்பிட்டதும், செய்மதிகளின் துணையால் அண்மையிலுள்ள சாரதி ஒருவருக்குச் செய்தி செல்கின்றது. கட்டணம் ஏறுமுன்னரே தெரிந்துவிடுகின்றது. சாரதியின் பெயர், படம், வண்டியின் இலக்கம் ஆகியன பிரயாணியின் கையிலே இருக்கின்றன. பயணம் முடிந்தபின் பிரயாணி சாரதிக்குப் புள்ளியிடுகின்றார். பேரமும் இல்லை, அச்சமும் குறைகின்றது. இப்புதுமை அந்நகரில் விரைந்து வேரூன்றியதற்குக் காரணம், அது புதியதொரு வாகனத்தைக் கொண்டுவராமையேயாம். மக்கள் பழகிய வண்டியையும் பழகிய தொழிலையும் எடுத்து, அறிமுகமற்ற இருவருக்கிடையே ஓர் உத்தரவாதத்தை மாத்திரம் அது சேர்த்தது.

நிறுவனத்துக்கும் இது மிக வாய்ப்பான ஏற்பாடாயிற்று. பஸ் கொம்பனி நடத்துவோர் பஸ் வாங்க வேண்டும். சாரதிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இங்கோ வண்டி சாரதியுடையது. பெற்றோல், பழுதுபார்க்குஞ் செலவு, தவணைப் பணம் யாவும் அவருடையனவே. நிறுவனம் ஒவ்வொரு சவாரியிலும் ஒரு பங்கைக் கழித்துக்கொள்கின்றது. தொடக்கத்திலே முதலீட்டாளரின் பணத்தைக் கொண்டு பிரயாணிக்குச் சலுகைக் கட்டணமும் சாரதிக்கு ஊக்கத்தொகையும் வாரி வழங்கப்பட்டன. பச்சைச் சட்டையும் பச்சைத் தலைக்கவசமும் அணிந்த சாரதிகள் நகரெங்கும் நிறைந்தனர். பின்னர் அவ்வூக்கத்தொகை படிப்படியாகச் சுருங்கிற்று.

இம்மாற்றம் பூசலின்றி நிகழவில்லை. தரிப்பிடச் சாரதிகள் தம் பிழைப்புப் பறிபோவதாகக் கொதித்தனர். செயலிச் சாரதிகள் உள்ளே வரலாகாதென்று குடியிருப்புக்களின் வாயிலிலே பதாகைகள் தொங்கின; கைகலப்புக்களும் நேர்ந்தன. 2016 மார்ச் 22ஆந் திகதி டாக்சிச் சாரதிகள் பல்லாயிரவர் திரண்டு, செயலிச் சேவைகளுக்கு எதிராகத் தலைநகரின் வீதிகளை மறித்தனர்.

அரசாங்கத்தின் நிலையோ அதனினும் இடர்ப்பாடுடையதாயிற்று. 2009ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கப் போக்குவரத்துச் சட்டம் மோட்டார்ச் சைக்கிளைப் பொதுப் போக்குவரத்து வாகனமாக ஏற்கவில்லை. ஆதலால் 2015 டிசம்பர் 17ஆந் திகதி போக்குவரத்து அமைச்சு இச்சேவைகளுக்குத் தடை விதித்தது. மக்களிடையே பெரும் எதிர்ப்பெழுந்தது. மக்களுக்குத் தேவையான ஒன்றை விதிகளின் பேரால் இடர்ப்படுத்தலாகாதெனச் சனாதிபதி ஜோக்கோ விடோடோ கருத்துத் தெரிவிக்கவே, மறுநாளே தடை நீங்கிற்று. சட்டம் மாறவில்லை, சேவையும் நிற்கவில்லை. வாடகை மோட்டார்ச் சைக்கிளைச் சட்டம் ஏற்கவேண்டுமெனத் தொடுக்கப்பட்ட வழக்கை 2018இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2019இல் அமைச்சு ஓர் இடைவழியைக் கண்டது. பயணப் பாதுகாப்பு விதிகளை வகுத்ததுடன், நாட்டை 3 வலயங்களாகப் பிரித்து, கிலோமீற்றர்க் கட்டணத்துக்குக் கீழெல்லையும் மேலெல்லையும் குறித்தது.

ஆயினும் தீராத வினாவொன்று எஞ்சிற்று. இச்சாரதி யார்? நிறுவனங்கள் அவரை ‘மித்ரா’, அதாவது பங்காளர், என அழைத்தன. பங்காளராயின் கட்டணத்தை நிர்ணயிப்பதில் அவருக்கும் பங்கிருத்தல் வேண்டும், அஃது இல்லை. தொழிலாளியாயின் குறைந்தபட்ச ஊதியமும் விடுமுறையும் இருத்தல் வேண்டும், அவையும் இல்லை. தரிப்பிடத்திலே அவர் பிரயாணியுடன் பேரம் பேசியவர். செயலியிலோ எவருடனும் பேரம் பேச இயலாதவர். முன்னர் அவரை வரிசையினின்று நீக்கக்கூடியவர்கள் அவர் முகமறிந்த தோழர்கள். இப்பொழுது அவரது கணக்கை முடக்கக்கூடியது முகமில்லாத ஒரு கணிப்பொறி. பிரயாணிக்குக் கிடைத்த உறுதிப்பாட்டின் விலையிற் பெரும்பகுதியைச் சாரதியே செலுத்தினார் எனல் மிகையாகாது.

இடர்க்காலங்களில் இவ்வுண்மை வெளிப்பட்டது. 2020 ஏப்ரலிலே கொரோனாத் தொற்றுக் காரணமாக ஜகார்த்தாவில் மோட்டார்ச் சைக்கிளில் ஆளேற்றுவது தடுக்கப்பட்டது. பொருள் ஏற்ற மாத்திரம் அனுமதி இருந்தது. வீட்டினுள்ளே அடைந்திருந்த நகரத்துக்கு உணவும் மருந்தும் சுமந்து சென்றவர்கள் இச்சாரதிகளே. தம் வருவாயோ பெரிதும் குன்றக் கண்டவர்களும் அவர்களே.

2022ஆம் ஆண்டின் அமைச்சுக் கட்டளை, நிறுவனங்கள் கழிக்கும் பங்கு 20 சதவீதத்தை மீறலாகாதென்றது. 2025 மார்ச்சிலே சனாதிபதி பிரபோவோ சுபியாந்தோ, நோன்புப் பெருநாளையொட்டிச் சாரதிகளுக்குப் பணக்கொடை வழங்குமாறு நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டார். அவ்வாண்டு மே 20ஆந் திகதி சாரதிகள் வீதியில் இறங்கி, கழிவை 10 சதவீதமாகக் குறைக்குமாறு கோரினர். ஆகஸ்ட் 28ஆந் திகதி இரவு, ஆர்ப்பாட்டமொன்றைக் கலைக்கச் சென்ற பொலிசாரின் கவச வாகனம் மோதி இளஞ் சாரதி ஒருவர் உயிரிழந்தார். மறுநாள் அவரது இறுதி ஊர்வலத்திற் பச்சைச் சட்டையினர் திரள்திரளாகப் பின்தொடர்ந்தனர். நாடெங்கும் ஆர்ப்பாட்டங்கள் மூண்டன. வரவேற்பறையின் வாயில்வரை வந்து, பொதியைக் கொடுத்துவிட்டு மறையும் மனிதர் எத்துணைப் பெருந்தொகையினர் என்பதை நாடு அன்று கண்டது.

ஜகார்த்தாவின் அனுபவம் மோட்டார்ச் சைக்கிள் மிகுந்த ஏனைய நகரங்களுக்கும் பாடமாகும். வியட்நாமிய நகரங்களிலும் இதே பழந்தொழில் இத்தகைய செயலிகளுட் புகுந்துள்ளது. பிரயாணி அறிய வேண்டியவற்றையெல்லாம், அதாவது வண்டியின் இலக்கத்தையும் கட்டணத்தையும் சாரதியின் பெயரையும், செயலி சில கணங்களில் அறிவித்துவிடும். விபத்தில் வீழ்ந்த சாரதிக்கு யார் பொறுப்பு என்பதை அது அறிவிக்காது. அதனை எழுத வேண்டியது சட்டமேயாகும்.