குற்றப் பின்னணி உள்ளவர் உறுப்பு தானம் செய்யலாமா?

சிறுநீரகம் அளிக்க முன்வருபவர் மீது முன்னர் வழக்கு இருந்திருப்பின், அவருடைய தானம் ஏற்கப்படுமா என்ற ஐயம் மதுரையிலும் சுற்றூர்களிலும் உள்ள குடும்பத்தினர்க்கு எழக்கூடும். 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தில் அத்தகைய தடை ஏதுமில்லை. கேரளத்தின் எர்ணாகுளத்தில், கொடையாளரின் குற்றப் பின்னணியைக் காட்டி அங்கீகாரக் குழு அனுமதி மறுத்தது. 2021-இல் அம்மாநில உயர் நீதிமன்றம் அம்முடிவை நீக்கியது. குற்றவாளிச் சிறுநீரகம் என்று ஒன்று இல்லை எனத் தெளிவுபடுத்தியது.

சட்டம் வினவுவன வேறு: கொடையாளர் 18 வயது நிறைந்தவரா? உடல்தகுதி உடையவரா? தம் விருப்பத்தால் அளிக்கிறாரா? பணம் கைமாறியதா? நெருங்கிய உறவினர் அல்லாதவர் எனில் அங்கீகாரக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். உறுப்பு வணிகத்திற்கு 5 முதல் 10 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு.

ஆகவே பழைய வழக்கை மறைக்க வேண்டா. உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் முன்னரே தெரிவியுங்கள்.