தோழிக்காக என்ன கேட்பது?

“எனக்காகக் கொஞ்சம் வேண்டிக்கொள்” என்று எத்தனை பேர் நம்மிடம் சொல்லியிருப்பார்கள்! தேர்வு அறைக்குள் நுழையும்போது தோழி சொல்கிறாள். ஊருக்குப் புறப்படும் பாட்டி பேருந்துச் சன்னல் வழியாகச் சொல்கிறார். நாமும் சரியென்று தலையாட்டுகிறோம். பாதி நேரம் மறந்துவிடுகிறோம். மறக்காத நாளில் என்ன கேட்கிறோம்? தோழிக்கு மதிப்பெண், பாட்டிக்கு உடல் நலம், அண்ணனுக்கு வேலை, அக்காளுக்கு நல்ல வரன். இவற்றைக் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் ஒருவருடைய விசுவாசம் வளரவேண்டும், அவருடைய அன்பு பெருகவேண்டும் என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா? சென்ற அக்டோபர் மாதம் வரை நான் கேட்டதில்லை. கேட்கவேண்டி வந்தபோது எப்படிக் கேட்பதென்று தெரியாமல் விழித்தேன். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அக்டோபர் முதல் நாள் குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள் திருநாள். அன்று மறைக்கல்வி வகுப்புக்கு எங்கள் சிஸ்டர் ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு வந்தார். அதற்குள் வகுப்பிலுள்ள எல்லாக் கிறிஸ்தவப் பிள்ளைகளின் பெயர்களும் சீட்டுகளில் எழுதி மடித்துப் போடப்பட்டிருந்தன. ஆளுக்கொரு திருவுளச்சீட்டு எடுக்கவேண்டும். சீட்டில் வரும் பெயருக்குரியவளுக்காக மாதம் முழுவதும் செபிக்கவேண்டும். யாருக்காக என்பதை வெளியில் சொல்லக்கூடாது. இன்னொரு நிபந்தனையும் இருந்தது: மதிப்பெண்ணோ உடல் நலமோ கேட்கக்கூடாது, அவளுடைய விசுவாசமும் அன்பும் வளரும்படி மட்டுமே கேட்கவேண்டும்.

நான் சீட்டைப் பிரித்தேன். பெயரைப் பார்த்ததும் அதை மடித்து மறுபடியும் டின்னுக்குள் போட்டுவிடலாமா என்று தோன்றியது. பாடகற்குழுவில் தனிப்பாடல் எனக்கு வரும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அது அவளுக்குப் போயிற்று. அதன்பின் இரண்டு மாதங்களாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால், நான்தான் பேசவில்லை.

இருந்தாலும் கீழ்ப்படிதல் கீழ்ப்படிதல்தானே. தினமும் காலையில் சிற்றாலயத்தில் முழந்தாளிட்டு, “ஆண்டவரே, அவளுக்குத் தாழ்ச்சியைத் தாரும். பிறர் மனத்தை நோகடிக்காத அன்பைத் தாரும்” என்று கேட்டேன். ஐந்து நாள் விடாமல் கேட்டதில் எனக்கே என்மேல் மதிப்புக் கூடிவிட்டது. ஆறாம் நாள் சிஸ்டரிடம் போய், பெயரைச் சொல்லாமல், நான் செபிக்கும் விதத்தைச் சொன்னேன். சிஸ்டர் சிரித்துவிட்டார்.

“நீ செபிக்கவில்லை, பிள்ளாய். ஆண்டவரிடம் போய்க் கோள் சொல்லியிருக்கிறாய்!” என்றார். பிறகு, “சின்னப்பர் எப்படிக் கேட்டார் என்று போய்ப் பார். தெசலோனிக்கேயருக்கு எழுதியதை முதலில் எடு” என்றார். (இப்போது நம் கையிலுள்ள விவிலியத்தில் பவுல் என்று இருக்கிறது. எங்கள் பாட்டிக்கு அவர் என்றைக்கும் சின்னப்பர்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.)

தெசலோனிக்கா மக்கெதோனியா நாட்டின் பெரிய துறைமுகப் பட்டணம். இன்றைய கிரேக்க நாட்டில் இன்றும் அதே பெயரால் விளங்குகிறது. சின்னப்பர் அங்கே போய் யூதருடைய செபக்கூடத்தில் மூன்று ஓய்வுநாள்கள் போதித்தார் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. சிலர் விசுவசித்தார்கள். உடனே கலகம் எழுந்தது. விசுவாசிகள் சின்னப்பரையும் சீலாவையும் இரவோடிரவாக பெரோயா என்னும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எண்ணிப் பாருங்கள்: அப்போதுதான் ஞானஸ்நானம் பெற்ற ஒரு சிறு கூட்டம், ஊரெல்லாம் பகை, சொல்லித்தந்தவரோ பக்கத்தில் இல்லை. ஏதென்ஸ் நகரிலிருந்த சின்னப்பருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தாம் தனியே இருந்தாலும் பரவாயில்லை என்று தீமோத்தேயுவை அவர்களிடம் அனுப்பினார். தீமோத்தேயு திரும்பி வந்து, அவர்கள் விசுவாசத்திலும் அன்பிலும் நிலைத்திருக்கிறார்கள் என்று நற்செய்தி சொன்னார். அந்த மகிழ்ச்சியில் கி.பி. 50ஆம் ஆண்டையொட்டிக் கொரிந்து நகரிலிருந்து எழுதப்பட்டதுதான் தெசலோனிக்கேயருக்கு முதல் திருமுகம். புதிய ஏற்பாட்டு நூல்களிலேயே முதலில் எழுதப்பட்டது இதுதான் என்பது அறிஞர் பலருடைய கருத்து.

இப்போது அவர் எப்படிச் செபிக்கிறார் என்று பாருங்கள். எடுத்தவுடன் எதையும் கேட்கவில்லை. நன்றி சொல்கிறார். அவர்களுடைய விசுவாசம் செயலில் தெரிவதையும், அன்பினால் அவர்கள் உழைப்பதையும், நம்பிக்கையோடு பொறுத்திருப்பதையும் ஒவ்வொன்றாகக் கடவுளுக்குமுன் நினைவுகூர்கிறார். அதற்குப் பிறகுதான் மன்றாட்டு வருகிறது. அவர்களைத் திரும்பவும் நேரில் காணவேண்டும், அவர்களுடைய விசுவாசத்தில் உள்ள குறையை நிறைவு செய்யவேண்டும் என்று இரவும் பகலும் வேண்டுவதாகச் சொல்கிறார். ஆம், குறை இருப்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் குறையைச் சொல்லும்போதே, அதை நிறைவு செய்யும் வேலையில் தம்மையும் சேர்த்துக்கொள்கிறார். அடுத்து, அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கொண்ட அன்பு பெருகவேண்டும், எல்லார்மேலும் கொண்ட அன்பும் பெருகவேண்டும் என்று கேட்கிறார். அவர்களுக்கு நேர்ந்த துன்பம் விலகவேண்டும் என்று அந்த மன்றாட்டில் ஒரு சொல்லும் இல்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

இரண்டாம் திருமுகத்தின் முதல் அதிகாரத்தைப் புரட்டினால் இன்னொரு வியப்பு. அவர்களுடைய விசுவாசம் மிகுதியாக வளர்கிறது, ஒருவர்மேல் ஒருவர் கொண்ட அன்பு பெருகிவருகிறது என்று அங்கே நன்றி கூறப்படுகிறது. முதல் கடிதத்தில் கேட்டது இரண்டாம் கடிதத்தில் கிடைத்திருக்கிறது! நாம் கேட்கிறோம், ஆனால் கிடைத்ததா என்று திரும்பிப் பார்க்கிறோமா?

பிலிப்பியருக்குச் சிறையிலிருந்து எழுதும்போதும் அன்பு பெருகவேண்டும் என்றே கேட்கிறார். ஆனால் அங்கே அறிவும் பகுத்துணர்வும் சேர்ந்த அன்பாக அது பெருகவேண்டும் என்கிறார். அன்புக்கு அறிவு எதற்கு என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு எங்கள் வகுப்பையே நினைத்துப் பார்த்தேன். தேர்வில் பக்கத்திலிருப்பவளுக்கு விடைத்தாளைச் சற்றே சாய்த்துக் காட்டுவதும், தோழி பொய் சொல்லும்போது உடன் நின்று தலையாட்டுவதும் அன்புதான் என்று நாம் வாதாடுகிறோம். சின்னப்பர் கேட்கும் அன்பு அதுவன்று போலும். (இதைப் படித்து என் பக்கத்து இருக்கைக்காரி கோபித்துக்கொள்ளக்கூடாது.)

கொலோசை நகரத்து விசுவாசிகளையோ அவர் நேரில் கண்டதே இல்லை. எப்பாப்பிரா என்பவர் சொல்லக் கேட்டதுதான். கேள்விப்பட்ட நாள் முதல் அவர்களுக்காக வேண்டுவதை விடவில்லை என்று எழுதுகிறார். அந்த எப்பாப்பிராவும் தம் ஊராருக்காகச் செபத்தில் மல்லுக்கட்டிப் போராடுகிறார் என்று கடிதத்தின் கடைசியில் சொல்கிறார். நான் செபத்தில் கொட்டாவி விட்டிருக்கிறேன், போராடியதில்லை.

சின்னப்பரைப் பற்றிப் படித்தபின், எந்தத் திருநாளில் சீட்டு எடுத்தோமோ அந்தப் புனிதையைப் பற்றியும் தேடினேன். சிறுமலர் என்று நாம் அழைக்கும் தெரேசம்மாள் 1873இல் பிரான்சு நாட்டில் பிறந்தவர். 1888இல் லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தில் சேரும்போது அவருக்கு வயது 15. அதாவது எங்கள் வயது. 1897இல் 24ஆம் வயதில் இறக்கும் வரை அந்த அடைப்பு மடத்திலேயே இருந்தார். 1895இல் மொரிஸ் பெல்லியேர் என்ற குருமாணவர், தமக்காகச் செபிக்க ஒரு சகோதரி வேண்டும் என்று மடத்துக்கு எழுதினார். அந்தப் பொறுப்பு தெரேசம்மாளுக்குக் கொடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு சீனாவுக்குப் புறப்பட்ட அடால்ஃப் ரூலான் என்ற குருவும் அவருடைய செபத்தில் சேர்ந்தார். அவர் போன மாநிலத்தின் வரைபடத்தைத் தாம் வேலை செய்யும் அறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தாராம். மடத்து வாசலைத் தாண்டாத இவரைத்தான் 1927இல் பதினொன்றாம் பத்திநாதர் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக அறிவித்தார்.

ஆனால் சீனாவிலுள்ளவருக்காகச் செபிப்பது ஒரு வகையில் எளிது. மடத்துக்குள்ளேயே ஒரு சகோதரி இருந்தார். அவருடைய நடை, பேச்சு, குணம் எல்லாமே தெரேசம்மாளுக்கு ஒத்துவரவில்லை. இதை அவரே தம் வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்தச் சகோதரியை எதிர்ப்படும்போதெல்லாம் அவருக்காகச் செபித்தார். அவருடைய நற்பண்புகளையும் புண்ணியங்களையும் கடவுளுக்கு எடுத்து ஒப்புக்கொடுத்தார். வெடுக்கென்று பதில் சொல்ல நாக்குத் துடித்தால் புன்னகைத்துப் பேச்சை மாற்றுவார். அதுவும் முடியாதபோது அந்த இடத்தைவிட்டு ஓடியேபோய்விடுவார்! இது எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது. கடைசியில் ஒரு நாள் அந்தச் சகோதரியே, என்னிடம் உங்களைக் கவர்வது என்ன, என்னைப் பார்த்தாலே சிரிக்கிறீர்களே என்று கேட்டாராம்.

இதையெல்லாம் படித்த பிறகுதான் சிஸ்டர் ஏன் சிரித்தார் என்று புரிந்தது. அவளுக்குத் தாழ்ச்சி வேண்டும் என்று நான் கேட்டது, அவள் வளரவேண்டும் என்பதற்காக அன்று. தனிப்பாடல் அவளுக்குப் போனது தவறு என்பதை ஆண்டவரும் ஒப்புக்கொள்ளவேண்டும் என்பதற்காக. அவளுடைய விசுவாசம் உண்மையிலேயே வளர்ந்து, அவள் என்னைவிட நல்லவளாகிவிட்டால் எனக்குச் சம்மதமா? இந்தக் கேள்விக்கு இரண்டு நாள் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

சின்னப்பர் வழியில் தொடங்குவதென்றால் முதலில் நன்றி சொல்லவேண்டும். அவளுக்காக எதற்கு நன்றி சொல்வது? அதைக் கண்டுபிடிக்க அவளைக் கவனிக்கவேண்டியிருந்தது. மூன்றாம் வகுப்பில் படிக்கும் தன் தங்கைக்காக அவள் தினமும் மாலையில் புளியமரத்தடியில் காத்து நிற்கிறாள். தங்கையின் பையையும் டிபன் பாத்திரத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகிறாள். மழை நாளில் குடை முழுவதும் தங்கை பக்கம் சாய்ந்திருக்கிறது. அவளுடைய ஒரு தோள் நனைந்தே போகிறது. இத்தனை நாள் ஒரே வாசல் வழியாகப் போய்வந்த என் கண்ணில் இது பட்டதே இல்லை. அன்று இதற்காக நன்றி சொன்னேன். அதற்குப் பிறகு அவளுக்காகக் கேட்பது அவ்வளவு கடினமாக இல்லை.

என் பக்கத்து வீட்டுத் தோழி இந்து. சீட்டு விவரத்தைக் கேட்டுவிட்டு, “உங்கள் ஆட்களுக்காக மட்டும்தானா?” என்றாள். நல்ல கேள்வி. ஒருவர்மேல் ஒருவர் என்று சொன்ன சின்னப்பர் அதே மூச்சில் எல்லார்மேலும் என்று சொன்னதை அவளுக்குக் காட்டினேன். உள்ளே பெருகாத அன்பு வெளியே எங்கிருந்து வழியும்?

“நம் ஆட்கள்” என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் டின்னில் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த தோழியரின் சீட்டுகளும் இருந்தன. ஒரு காலத்தில் அப்படி இருந்திருக்காது. ஆண்டுதோறும் சனவரி 18 முதல் 25 வரை நடக்கும் கிறிஸ்தவ ஒற்றுமைக்கான செப வாரத்தை 1908இல் அமெரிக்காவில் தொடங்கியவர் பால் வாட்சன். அப்போது அவர் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த குரு. 1930களில் பிரான்சு நாட்டின் லியோன் நகரத்துக் கத்தோலிக்கக் குரு பால் கூத்தூரியே, கிறிஸ்து விரும்பும் ஒற்றுமை அவர் விரும்பும் வழியில் வரட்டும் என்று எல்லாச் சபையாரும் சேர்ந்து கேட்கும்படி அதை மாற்றியமைத்தார். 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிரிந்த சகோதரரோடு சேர்ந்து செபிப்பதை ஊக்குவித்தது. அந்த வாரம் முடியும் நாளோ சின்னப்பர் மனந்திரும்பிய திருநாள். தொடங்கியவர், மாற்றியவர், முடித்துவைப்பவர் மூவருமே சின்னப்பர்கள்!

அக்டோபர் முடிந்தது. எங்களுக்குள் பெரிய அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. கிறிஸ்மஸ் பாட்டுப் பயிற்சியில் அவள் தனிப்பாடலைப் பாடும்போது தொண்டை கட்டியிருந்தது, என் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்தேன், வாங்கிக் குடித்தாள். அதிலிருந்து பேசுகிறோம். சீட்டை மட்டும் அவளிடம் காட்டவில்லை. இந்த மலர் வெளிவந்ததும் புளியமரத்தடி வரிகளைப் படித்து அவளே தெரிந்துகொள்வாள்.

என் பெயர் எழுதிய சீட்டு யார் கைக்குப் போயிற்று என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.